செண்பகத் தெருவின் வழுக்கெண்

“உங்க தெருவுல ஐஸே கட்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எங்க அக்கா இடுப்பு எதுல முறிஞ்சுதாம், வாழைப்பழத் தோல்லயா?”

மாப்பிள்ளையின் தாய்மாமன் தணிகாசலம் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பூ வைக்கக் கொண்டுவந்த தட்டுகள் பனியில் கவிழ்ந்து கிடந்தன. மாப்பிள்ளையின் அம்மா பவளக்கொடியை ஆம்புலன்ஸ் ஏற்றிப்போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை இனியனும் கூடவே போய்விட்டான். பெண்ணைப் பெற்ற மங்கையர்க்கரசி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வரிசைச் சன்னல்களில் திரைகள் ஒரு விரற்கடை விலகியிருந்தது அவள் கண்ணில் படாமல் இல்லை. வேறு வீட்டில் நடந்திருந்தால் அவளும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

கடல் நீரோட்டங்கள் திசைமாறி, மலையூர்களில் பனிப்புயல் அடிக்கத் தொடங்கிய பிறகு வந்தது உறைகணி என்ற கணிப்பு இயந்திரம். எந்தத் தெருவில் எவ்வளவு பனி விழும், எந்த வாசலில் அது கண்ணாடியாக இறுகும் என்று புயலுக்கு முன்பே சொல்லிவிடும். அது கைகாட்டும் தெருவுக்குத்தான் ஐஸைக் கரைக்க உப்புத் தூவும் வண்டி வரும். வானத்தை மட்டும் பார்த்து அது கற்றுக்கொள்வதில்லை. காலைதோறும் வீட்டுக்கு வீடு சுவர்ப்பெட்டி வழியாக, வாசலில் ஐஸ் கட்டியதா என்று விசாரித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். எவ்வளவு வழுக்கும் என்று தெருவுக்கு ஒரு வழுக்கெண்ணும் கொடுக்கும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்ததுதான் வினையாயிற்று.

பெண் கேட்டு வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வழுக்கெண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வழுக்குகிற தெருவில் சம்பந்தம் வைத்துக்கொண்டு, போக வர யார் கால் ஒடித்துக்கொள்வது? செண்பகத் தெருவிலோ கல்யாண வயதில் பெண் இல்லாத வீடே குறைவு. விடியுமுன் தோசைத்திருப்பியால் ஐஸைச் சத்தம் காட்டாமல் சுரண்டிவிட்டு, பெட்டியிடம் கூசாமல் “இல்லை” என்று சொல்லப் பழகினார்கள். அரசிதான் இதற்கெல்லாம் தலைமை. எதிர்வீட்டுக் கோமதி ஒருநாள் வாய்தவறி “கொஞ்சம்” என்று சொல்லித் தொலைத்ததற்கு, அந்தக் குளிர்காலம் முழுக்கத் தெருவில் ஒருத்தரையும் அவளோடு பேசவிடவில்லை. வழுக்கெண் சுழியத்துக்கு இறங்கியது. உப்பு வண்டி வருவது நின்றது. அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தப் பெரும்புயலுக்கும் உறைகணி அதையே சொன்னது: ஊரெல்லாம் ஐஸ், செண்பகத் தெருவில் மட்டும் இல்லை. தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று பவளக்கொடி தயங்கித்தான் கேட்டாள். எங்கள் தெருவுக்கென்ன, தாராளமாக வாருங்கள் என்றாள் அரசி. தான் சொன்ன பொய்யையே உறைகணி திருப்பிச் சொன்னபோது, அவளும் அதை நம்பிவிட்டிருந்தாள்.

தணிகாசலம் மூச்சுவாங்க நிறுத்திய வேளையில் சுவர்ப்பெட்டி வழக்கம்போல் கனைத்துக்கொண்டு கேட்டது: “வணக்கம். இன்று வாசலில் ஐஸ் கட்டியதா?”

“பதில் சொல்லுங்க சம்பந்தியம்மா,” என்றார் அவர், குரல் இறங்கி. “என் காதுபட நெசத்தைச் சொல்லுங்க. கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

உள்ளே பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த நறுமுகை தலை நிமிராமலே, “சொல்லிடும்மா,” என்றாள்.

அரசி எதிர்ச் சன்னல்களைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

“இருக்கு. வாசல் பூரா இருக்கு. என்னிக்குமே இருந்துது.”

பெட்டி ஒரு கணம் யோசித்தது. “நன்றி. தெருவின் மற்ற எல்லா வீடுகளும் இல்லை என்கின்றன. உங்கள் பதில் பிழையாகக் கருதி நீக்கப்படுகிறது. செண்பகத் தெருவுக்கு உப்பு தேவையில்லை.”

எதிர்வீட்டில் கோமதியின் திரை மெல்ல மூடிக்கொண்டது.

தணிகாசலம் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார். மேற்கொண்டு கத்தவில்லை. தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து காரில் ஏறினார். கல்யாணம் வேண்டாமென்று சாயங்காலமே சொல்லியனுப்பிவிட்டார்கள்.

நறுமுகை தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டாள். அம்மாவைப் பார்க்கக் கோடையில் மட்டும் வருகிறாள். இனியனுக்கு அடுத்த தையில் மேலத்தெருப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. பவளக்கொடி கைத்தடி ஊன்றி வந்து மேடையோரம் உட்கார்ந்துகொண்டாள். பெண் பார்க்கப் புறப்படுமுன் தணிகாசலம் தீர விசாரித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மேலத்தெருவின் வழுக்கெண்ணும் சுழியம்.