உம் கொட்டும் வண்டு

மணி ஒன்பது. இன்னும் ஒரு மணி நேரத்தில் பூசணிப் பூக்கள் வாய் மூடிவிடும். நாற்பது பெண் பூக்கள். ஒன்றில்கூட மகரந்தம் ஒட்டவில்லை. நாச்சிமுத்துவின் தோட்டத்தில் நின்றுகொண்டு, மகரந்தத் துறைத் துணை இயக்குநர் அறிவுடைநம்பி வருகைப் பதிவேட்டை வாசித்துக்கொண்டிருந்தார்.

"உங்க கூட்டுல வருகை நூத்தி ரெண்டு சதவீதம். மாவட்டத்துலயே முதலிடம்!"

"வாரது மகரந்தி இல்லீங்க சார். வண்டுங்க."

தேனீக்கள் ஒழிந்து இருபது வருடம். அவற்றின் வேலையை இப்போது மகரந்தி என்ற குட்டி இயந்திரம் பார்க்கிறது. அது சர்க்கரைப்பாகில் ஓடும். கூட்டுப்பெட்டி வாசலில் உள்ள அடையாளக்கண், மஞ்சள் கறுப்புப் பட்டையைப் பார்த்து, 'உம்ம்' என்ற ரீங்காரத்தைக் கேட்டு, பாகு கொடுக்கும். ஒரு வண்டினம் இரண்டையும் கற்றுக்கொண்டுவிட்டது. முதுகில் பட்டை, இறக்கையில் உம். பாகைக் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்ட ஊழியரைப்போல் நிழலுக்கு ஒதுங்கிவிடும்.

நாச்சிமுத்து தீப்பெட்டியிலிருந்து ஒரு வண்டை எடுத்து அடையாளக்கண்ணுக்குக் காட்டினான். பச்சை விளக்கு. "மகரந்தி 4417. வருக," என்றது கூட்டுப்பெட்டி.

வெயிலில் பட்டை வெளுத்த நிஜ மகரந்தியைக் காட்டினான். சிவப்பு. "பூச்சி. விலகுக."

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். பூச்சியை எப்படிக் கண்டுபிடிச்சுது! அபாரம்!"

"ஆண் பூவைப் பறிச்சு நானே தொட்டு வெச்சுக்கறனுங்க."

"பூவைத் தொட, பதிவு பெற்ற மகரந்திக்கு மட்டும்தான் அதிகாரம். சட்டம்." பிறகு அடையாளக்கண்ணின் உலகத் தரம் பற்றி விளக்க ஆரம்பித்தார். நாச்சிமுத்து தோளில் மஞ்சள் கறுப்புப் பட்டைத் துண்டு. எரிச்சலை விழுங்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி உம் கொட்டினான். "உம்ம்... உம்ம்ம்..."

பச்சை விளக்கு எரிந்தது. "மகரந்தி 4418. வருக."

அறிவுடைநம்பி ஒரு கணம் திகைத்தார். ஒரு கணம்தான். "கண் தப்பே பண்ணாது. இனி நீ பூவைத் தொடலாம். தினமும் ஆறு மணிக்கு வருகை."

நாச்சிமுத்து ஆண் பூக்களோடு ஓடினான். நாற்பதையும் தொட்டு முடிக்க மணி பத்து. இடுப்பு ஒடிந்து திரும்பியபோது, கூட்டுப்பெட்டி அவனுக்கு அரைச் சொட்டுப் பாகு ஒதுக்கியிருந்தது. அதற்கும் முன்னால் ஏழு வண்டுகள் வரிசையில் நின்றன.

"ஆய்வறிக்கைல தோட்டக்காரர் கையெழுத்து வேணும். அவரைக் கூப்பிடு," என்றார் அறிவுடைநம்பி.

"நாந்தானுங்க சார்!"

"நீ மகரந்தி. மகரந்தி கையெழுத்துப் போட முடியாது."

நாச்சிமுத்துவின் தொண்டை வரை என்னென்னவோ வந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"உம்ம்ம்..."

பச்சை விளக்கு மறுபடி எரிந்தது.