ஹாலில் ஐந்தாவது ஆள்

போன் அலறியது.

அக்ரஹாரத்தில் காலை ஏழரை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற வைத்யநாதன் எடுத்தார். மறுமுனையில் சந்திரமௌலி. போன மாதம் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் அப்பா.

"என் பையனுக்கு வழுக்கைன்னு உங்காத்துல பேசிச் சிரிச்சேளே?"

வைத்யநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. உங்க குரலே எனக்கு மெயில்ல வந்திருக்கு. நிச்சயதார்த்தம் வேண்டாம், நிறுத்திக்கலாம்."

லைன் துண்டிக்கப்பட்டது.

மகள் அனகாவின் கண்கள் கலங்கின. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது... வழுக்கையோடு சேர்த்து.

ஹாலில் பேசிய பேச்சு. கேட்டவர்கள் நால்வர்தான். அவர், மனைவி காமாக்ஷி, மகன் சாய்கிருஷ்ணா, அனகா.

வைத்யநாதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

இதில் யார்?

"போலீஸுக்குப் போலாம்ப்பா," என்றான் சாய்கிருஷ்ணா.

"நம்மாத்து வாசல்ல ஜீப் வந்து நிக்கணுமா? மானம் என்னாறது?"

பக்கத்துப் பேட்டை மண்டி மொஹல்லாவிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கன்னடப் பையன் விஜய்குமார் வந்தான். ஹால் கம்ப்யூட்டரை நோண்டினான். பத்து நிமிடத்தில் நிமிர்ந்தான்.

"ஹௌது, ஆமா சார், இதான். கேம்ல திருட்டுத்தனமா ஜெயிக்க யாரோ ஓசி சாப்ட்வேர் போட்டிருக்காங்க. அதுக்குள்ள உளவு புரோகிராம். அதை அனுப்பினவன் மைக்கைத் திறந்து வீட்டுப் பேச்சை எல்லாம் எடுத்திருக்கான். பணம் கேட்டு மிரட்டி மெயில் போட்டிருக்கான்... நீங்க பார்க்கலை. உங்க மெயில்லேர்ந்து அட்ரஸை எடுத்து மாப்பிள்ளையோட அப்பாவுக்கு அனுப்பிட்டான்."

"வைரஸ் தடுப்பு இருக்கேப்பா?"

"அதை அணைச்சாதான் இன்ஸ்டால் ஆகும்னு சொல்லும் சார். அணைச்சிருக்காங்க."

வைத்யநாதன் மகன் பக்கம் திரும்பினார்.

"என்னை ஏன்ப்பா பார்க்கறேள்? நான் துப்பாக்கி கேம் ஆடறவன். விஜய், இது எந்த கேம்?"

"கேரம்."

எல்லோரும் வைத்யநாதனைப் பார்த்தார்கள்.

வைத்யநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தியாகப் போறவர்... ஆன்லைன்ல தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயிச்சார். பொண்ணைப் பெத்தவன் தோத்துண்டேதான் இருக்கணுமா?"

அனகா போனை அவர் கையில் திணித்தாள்.

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்கோப்பா."

சொன்னார். மன்னிப்பும் கேட்டார், முப்பது வருட சர்வீஸில் யாரிடமும் கேட்காதவர்.

மறுமுனையில் சந்திரமௌலி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த சாப்ட்வேர் பேர் என்ன?"

சொன்னார்.

சந்திரமௌலியின் குரல் நடுங்கியது.

"அந்த ரிப்பேர்காரரை உடனே எங்காத்துக்கு அனுப்புங்கோ. என் கம்ப்யூட்டர்லயும் அதேதான் இருக்கு. உங்களைப் பத்தி இங்க என்னென்ன பேசியிருக்கோமோ... நிச்சயதார்த்தத்தை இந்த மாசமே வெச்சுண்டுடலாமா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த காமாக்ஷி பெருமூச்சு விட்டாள்.

"பத்துப் பொருத்தத்துல எட்டுதான்னு ஜோசியர் இழுத்தார். மீதி ரெண்டும் இன்னிக்குப் பொருந்திடுத்து."