மிஷ்மிஷாவின் மூச்சு

கோழியின் முதுகில் காதை வைத்துக் கேட்டபோதுதான் இன்ஷிராஹுக்கு அது உறைத்தது. மூச்சு வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே போகவே இல்லை.

மறுபடியும் காதை அழுத்தினாள். பாலைவனத்திலிருந்து வரும் கம்ஸீன் புழுதிக்காற்று இரண்டு நாளாக ஓயாமல் வீசி, நண்பகல் வெளிச்சத்தையே செம்மண் கரைத்த தண்ணீர்போல ஆக்கியிருந்தது. மொட்டைமாடியில் டிஷ் ஆண்டெனாக்கள் முனகின, காயப்போட்ட ரொட்டித் துண்டுகளின்மேல் மணல் படிந்தது, கூண்டிலிருந்து எச்சமும் ஈரத் தவிடும் கலந்த புளித்த வாடை வந்தது. அத்தனைக்கும் அடியில், அந்தச் செம்பழுப்புக் கோழிக்குள், ஹுக்காவில் தண்ணீர் குமிழியிடுவதுபோல ஒரு களகளப்பு. நீளமாக. முடிவில்லாமல்.

மூன்று வாரமாக இதே பாடு. தும்மல், மூக்கில் சளி, கண்ணோரம் நுரை. வெங்காயச் சாறு கொடுத்தாயிற்று, பூண்டு நசுக்கிப் போட்டாயிற்று, கடைத்தெருவில் பறவை மருந்து விற்பவர் கொடுத்த மஞ்சள் பொடியும் பாதி தீர்ந்துவிட்டது. "அறுத்துக் குழியில போட்டு மூடும்மா. வீட்டுல கொழந்த இருந்தா கிட்டயே விடாத," என்று அவர் சொன்னதை மட்டும் அவள் செய்யவில்லை. ஆறு வயது மகள் ராவியாவுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். இரைப்பு வந்து பள்ளிக்குப் போகாத நாட்களில் அவளுக்கு மிஷ்மிஷா என்ற இந்தக் கோழி மட்டும்தான் துணை. கோழியைக் கொன்றால் பிள்ளை அழுதே இரைப்பை வரவழைத்துக்கொள்வாள். வைத்திருந்தால் சீக்கு தொற்றிவிடும். முடிவெடுக்க முடியாமல் ஐந்து மாடிப் படிகளை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள் இன்ஷிராஹ்.

பக்கத்து மாடியில் புறா வளர்க்கும் உம்மு வஹீப் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னடி, கோழிகிட்ட ரகசியம் கேக்கறியா? உம் புருஷன் பேச்சுக்குக்கூட நீ இப்படிக் காதக் குடுத்ததில்ல."

"தண்ணியே குடிக்க மாட்டேங்குதுக்கா. மருந்து உள்ள போனாத்தானே."

"புறாக்குஞ்சுக்கு நாங்க ஊட்டற மாதிரி ஊட்டேன். மருந்துத் தண்ணிய வாயில வச்சுக்க, அலகக் கவ்வு, ஊது. கூச்சப்பட்டா கோழி பொழைக்காது."

ராவியா அருகே குந்தி, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிண்ணத்து மருந்துத் தண்ணீரை வாயில் எடுத்துக்கொண்டாள். நாக்கில் கசப்பு. உதட்டில் அலகின் வெதுவெதுப்பு. இன்ஷிராஹ் ஊதினாள். தண்ணீர் இறங்கியது. அவள் வாயை எடுப்பதற்குள், கோழி திருப்பி ஊதியது.

சின்னப் பறவையின் மூச்சல்ல அது. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததுபோல, குளிர்ந்து, ஈரச் சுண்ணாம்பு நெடியோடு, அவள் கன்னங்களைப் புடைக்கவைத்து, தொண்டைக்குள் இறங்கி, நிற்காமல் வந்தது. வாயைப் பிய்த்துக்கொண்டு பின்னால் விழுந்தாள். கோழி அசையாமல் நின்றது. அலகு திறந்தே இருந்தது.

"யம்மா, மிஷ்மிஷா உனக்கு முத்தம் குடுத்துச்சா?"

"கீழ வா."

"எனக்கும் குடுக்குமா?"

"கீழ வான்னு சொன்னேன்ல."

பிள்ளையைப் படுக்கவைத்து, மருந்துக் கிண்ணத்தை அலமாரியில் வைத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் மூன்று முறை வாய் கொப்பளித்தாள். குளிர் மட்டும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. போதும். அறுத்துவிட வேண்டியதுதான். கத்தியைத் தீட்டினாள். ஐந்து மாடி தாண்டிக் கேட்க வாய்ப்பே இல்லாத அந்தக் களகளப்பு, கட்டிடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட சந்து வழியாகச் சமையலறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே சீராக. கத்தி தீட்டும் சத்தத்துக்கும் கீழே.

நின்றது.

கையை நிறுத்திக் கேட்டாள். காற்று மட்டும்தான். செத்துவிட்டது போலும். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் தோள்கள் தளர்ந்தன. கொன்ற பாவம் இல்லை. இனி தொற்றும் இல்லை. பிள்ளையிடம் பதமாகச் சொல்லவேண்டும்.

"ராவியா."

கட்டில் காலி. அலமாரியைப் பார்த்தாள். மருந்துக் கிண்ணமும் இல்லை.

ஓடினாள். முதல் மாடி. மூன்றாவது. செருப்பு கழன்றது. இருட்டு. மாடிக் கதவு. தள்ளினாள்.

செம்புழுதி. திறந்த கூண்டு. கவிழ்ந்த கிண்ணம்.

சுவரோரம் ராவியா உட்கார்ந்திருந்தாள். மடியில் கோழி நின்றது. அலகு பிள்ளையின் வாய்க்குள் இருந்தது. அவள் ஊதவில்லை. கைகள் இரண்டு பக்கமும் தொங்கிக் கிடந்தன. கோழியின் உடல் மெல்ல மெல்லச் சுருங்கி, இறகுகள் எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தன.

பிள்ளையின் நெஞ்சு ஏறியது. ஏறியது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து உருண்டு வந்து இன்ஷிராஹின் வெறுங்காலைத் தொட்டது.

நெஞ்சு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.