நடுப் பெஞ்சு

இரண்டு பேரை மட்டும் சுமக்கிற வண்டி இப்படிக் கனக்கக் கூடாது.

முதல் மிதியிலேயே எலோடிக்கு அது காலில் தெரிந்தது. ரயில் நின்றுபோன பழைய தண்டவாளத்தில் கோடைக்கு மட்டும் வாடகைக்கு விடுகிற நாலு சக்கர வண்டி அது. இடப்பக்கம் அவளும் வலப்பக்கம் அவள் கணவன் ரெமியும் மிதித்தார்கள். நடுவில் குழந்தைகள் உட்கார ஒரு மரப் பெஞ்சு. போன கோடையில் மகள் லீஸ் அதில் உட்கார்ந்து, செர்ரிக் கொட்டைகளைப் புதரைப் பார்த்துத் துப்பிக்கொண்டே வந்தாள். கார் கதவில் நசுங்கி உள்பக்கமாக வளைந்துபோன இடது சுண்டு விரலால் அம்மாவின் கையைக் கொக்கி போலப் பிடித்திருந்தாள். குளிர்காலத்தில் மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. இன்று பெஞ்சில் சாப்பாட்டுக் கூடை மட்டும்தான்.

"கனக்குது ரெமி."

"இத்தனை மாசம் வீட்டுக்குள்ளயே கெடந்தா கால் மரத்துத்தான் போகும்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அவ இல்லாம ஒரே ஒரு நாள் எலோ. போயிட்டுத் திரும்பி வந்துட்டோம்னா போதும். அப்புறம் நாமளும் பொழைச்சுக்குவோம்."

அவள் தலையாட்டினாள். இதுவும் முடியாமல் போனால் அவன் தன்னோடு இருக்க மாட்டான். அவன் அதைச் சொன்னதில்லை. ஆனால் அவனுடைய பெட்டி கொஞ்ச நாளாகவே வாசல் கதவோரம் நின்றது.

இரண்டு பக்கமும் செஸ்ட்நட் மரங்கள் நெருக்கி நின்றன. ஈரப் புல்லின் வாசனையும், வெயிலில் காய்ந்த துருவின் வாசனையும், எங்கோ மாடுகள் படுத்திருந்த தரையின் வாசனையும் கலந்து முகத்தில் அடித்தன. அதற்கெல்லாம் அடியில், காலாட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருப்பது போல, பெஞ்சுப் பலகை ஒரே தாளத்தில் முனகிக்கொண்டே வந்தது. மலையைக் குடைந்த ரயில் குகைக்குள் நுழைந்ததும் சில்லென்றது. போன வருஷம் லீஸ் தன் பெயரைக் கத்தி எதிரொலி கேட்டுச் சிரித்த இடம். எலோடி உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

பாதை முடிகிற பழைய ஸ்டேஷனில் அன்செல்ம் என்பவர் லெமனேட் விற்றுக்கொண்டிருந்தார். வருகிற வண்டிகளைத் தூக்கித் திருப்பிவிடுவதும் அவர் வேலைதான். இருவரும் இறங்கினார்கள். ரெமி ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறுமுனையில் குனிந்து தூக்கினார். வண்டி அசையவில்லை.

"என்ன சார், நீங்க ரெண்டு பேரும் ஒல்லியாத்தான் இருக்கீங்க. சாப்பாட்டையெல்லாம் வண்டிக்கே போட்டீங்களா?" குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மேடம், பாப்பாவ எறக்கி விடுங்க. மேல உக்காந்திருந்தா எப்படித் திருப்புறது?"

ரெமியின் முகம் வெளுத்தது. "பாப்பா யாரும் இல்ல."

அன்செல்ம் நிமிர்ந்தார். கூடையைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க. கைக்குத் தெரிஞ்சத வாய் சொல்லிடுச்சு."

எலோடி பெஞ்சின் பக்கம் குனிந்தாள். யாருக்கும் கேட்காமல் சொன்னாள். "எறங்கு கண்ணு."

பலகை ஒருமுறை முனகியது. அடுத்த முறை தூக்கியபோது வண்டி நாற்காலி போல லேசாக மேலே வந்தது. இரண்டு ஆண்களும் தடுமாறினார்கள்.

திரும்பும்போது வண்டி பறந்தது. "பாத்தியா எலோ! எவ்வளவு லேசா போகுது!" ரெமி சிரித்தான், நிஜமாகவே. எத்தனையோ நாளுக்குப் பிறகு. அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். லேசாகப் போவது ஏன் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் அவளை இறக்கிவிட்டேன். திரும்ப ஏறச் சொல்லவில்லை.

குகை வந்தது. வெளிச்சம் பின்னால் சுருங்கியது.

அப்போதுதான் கேட்டது. பின்னால். சரளைக் கல்லில் காலடி. சின்னக் காலடி. ஓடி வருகிற காலடி.

"திரும்பாத," என்றான் ரெமி.

"ஒனக்கும் கேக்குதா?"

"மிதி எலோ. ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன், மிதி."

"கொழந்த ஓடி வருது ரெமி. செருப்புகூட இல்லாம."

"அது நம்ம கொழந்த இல்ல!" அவன் அழுதுகொண்டே மிதித்தான். காலடி விடவில்லை. மூச்சிரைப்பும் கேட்டது. ஒரு விக்கல். மறுபடி மூச்சிரைப்பு.

எலோடி பிரேக்கை இழுத்தாள்.

சக்கரங்கள் கீச்சிட்டு நின்றன. காலடியும் நின்றது. எங்கோ தண்ணீர் சொட்டியது.

பலகை முனகியது.

வண்டி தாழ்ந்தது.

இருட்டில் ஒரு சின்னக் கை அவள் கைக்குள் நுழைந்தது. ஈரம். சில்லிப்பு. எலோடி விம்மினாள். அந்தக் கையைப் பொத்திக்கொண்டாள். கட்டை விரலால் ஒவ்வொரு விரலாகத் தடவிச் சுண்டு விரலுக்கு வந்தாள்.

நேராக இருந்தது.

மறுபடி தடவினாள். நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கையை விடவில்லை.

அவள் தேடி முடிக்கும்வரை அந்தக் கை பொறுமையாக இருந்தது. பிறகு அவள் உள்ளங்கைக்குள்ளேயே, சுள்ளி ஒடிகிற சத்தத்தோடு, அந்தச் சுண்டு விரல் மெல்ல உள்பக்கமாக வளைந்துகொண்டது.