தோள்மேல் வைத்து ஓட்டிய வண்டி

பாறை ஏறும் போட்டியில் வேகமாகப் போனால் வண்டி கவிழ்ந்துவிடும். அதனால் அங்கே யாரும் அவசரப்படுவதில்லை.

முழங்கை நீளம் உள்ள ஒரு சின்ன வண்டி. அதை ரிமோட்டால் ஓட்ட வேண்டும். கல்லும் பாறையுமாகக் குவித்த தடத்தில் ஆங்காங்கே இரண்டு குச்சிகளை நட்டு வாசல் வைத்திருப்பார்கள். குச்சியில் இடிக்காமல் ஒவ்வொரு வாசலாக நுழைந்து வர வேண்டும். இடித்தால் பத்துப் புள்ளி தண்டம். கவிழ்ந்த வண்டியைக் கையால் நிமிர்த்தினால் இன்னொரு பத்து. ஒரு தடத்துக்குப் பத்து நிமிடம்தான். யாருக்குத் தண்டம் குறைவோ அவருக்குப் பரிசு.

வாண்டுவும் அவள் அப்பாவும் மூன்று வருடங்களாக அந்தப் போட்டிக்குப் போகிறார்கள். வாண்டுவுக்கு வயது பதினொன்று. வகுப்பிலேயே உயரமானவள் அவள்தான். ஆனாலும் வீட்டில் வைத்த பெயர் மாறவில்லை. அவர்களுடைய வண்டியின் பெயர் சோம்பேறி. அப்பா ஓட்டுவார். வாண்டு பாறையைப் பார்த்து வழி சொல்வாள். போன வருடம் இரண்டாவது இடம் கிடைத்தது.

அப்பாவுக்குப் பெரிய வண்டியும் ஓட்டத் தெரியும். பதினேழு வருடம் பேருந்து ஓட்டியவர். நின்றுகொண்டு வருகிறவர்கூடத் தடுமாறாதபடி பிரேக் போடுவார் என்று பயணிகள் சொல்வார்கள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் பணிமனை மருத்துவர் அப்பாவின் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். விரல்கள் தானாக நடுங்கின. இனிமேல் பேருந்து ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நேரக் காப்பாளர் அறையில் உட்காரும் வேலை தருவதாகப் பணிமனையில் சொன்னார்கள். அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தவர், யோசித்துக்கொண்டே வீட்டில் இருந்தார்.

நடுக்கம் என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்குப் பின்னால் உடைந்த செங்கல் குவியல் ஒன்று இருந்தது. அங்கேதான் பயிற்சி. சோம்பேறி இப்போதெல்லாம் விக்கல் வந்ததுபோலக் குலுங்கிக் குலுங்கிப் போனது. பேட்டரி சரியில்லை என்றார் அப்பா. புதுப் பேட்டரி போட்டார்கள். பிறகு ஒயர் சரியில்லை என்றார். ஒயரையும் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் வாண்டு ஆமாம் போட்டாள். அப்பா பார்க்காத ஒரு நாள் அவளே ஓட்டிப் பார்த்தாள். சோம்பேறி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் செங்கல்மேல் ஏறியது. அவள் ரிமோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் அம்மாவிடம் மட்டும் கேட்டாள். "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமாம்மா?"

அம்மா சீருடை தைக்கும் கடையில் வேலை செய்பவள். வீட்டிலும் கையில் ஊசி இருக்கும். அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"அவருக்குத் தெரியாதா? தெரியும். நீ கூட இரு, போதும்."

லாரிகள் நிறுத்தும் மைதானத்தின் பின்பக்கம் போட்டி நடந்தது. பதினான்கு வண்டிகள் வந்திருந்தன. இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்தான் நடுவர். ஓட்டுநர் என்ற இடத்தில் அவர் அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு ஊதலை ஊதினார்.

முதல் வாசலிலேயே இடித்தார்கள். இரண்டாவது வாசலுக்கு முன்னால் சரிவான கல் ஒன்று இருந்தது. வாண்டு மெதுவாக என்று சொல்லி முடிப்பதற்குள் சோம்பேறி துள்ளி, நான்கு சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு மல்லாந்தது.

கூட்டத்தில் ஒரு சின்னப் பையன் சிரித்தான். அவன் சிரித்ததில் தப்பில்லை. போன வருடம் இப்படிக் கவிழ்ந்தபோது, வண்டி வெயில் காய்கிறது என்று அப்பாவே சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவர்தான். இன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாண்டு ஓடிப்போய் வண்டியை நிமிர்த்தினாள். மறுபடி கவிழ்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

திரும்பிப் பார்த்தாள். அப்பா ரிமோட்டை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படியும் அது நடுங்கியது. அவர் பாறையைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடலாம், வாண்டு," என்றார் மெல்ல.

இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. இப்போது பேட்டரி என்று சொல்ல அவளால் முடியவில்லை. அவள் அப்பாவின் முன்னால் வந்து, பாறையைப் பார்த்தபடி, அவருக்கு முதுகு காட்டி நின்றாள்.

"என் தோள்மேல வைங்கப்பா. கையை நல்லா அழுத்தி வைங்க. நான் ஆடமாட்டேன்."

அப்பா அசையவில்லை. நடுவர் ஊதலோடு கிட்டே வந்தார். ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது என்று நினைவூட்டினார்.

"நான் அதைத் தொடல, சார். அதுதான் என்னைத் தொடப்போகுது," என்றாள் வாண்டு.

நடுவர் கையில் இருந்த விதித்தாளைப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

"தோளைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

அப்பாவின் மணிக்கட்டு அவள் தோள்மேல் வந்து இறங்கியது. வாண்டுவுக்கு உடம்பே அதிர்ந்தது. பார்க்கும்போது நடுக்கம் சின்னதாகத்தான் தெரிந்திருந்தது. இப்போது அது தோள் எலும்பு வழியாக இறங்கி அவள் பல்வரைக்கும் வந்தது. இவ்வளவா? இதை வைத்துக்கொண்டுதான் அப்பா தினமும் சட்டைப் பொத்தான் போட்டாரா? இதோடுதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டாரா?

கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் தோள் ஆடிவிடும். அதனால் துடைக்கவில்லை.

"இடது சக்கரம் கல்லுமேல இருக்கு. கொஞ்சம் வலது. போதும். இப்போ மெதுவா."

நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் பாதி அவள் தோளுக்குள் போய்விட்டதால் விரல் கொஞ்சம் அடங்கியது. சோம்பேறி குலுங்கியது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. சரிவான கல்லைத் தாண்டியது. மூன்றாவது வாசலில் குச்சிக்கும் சக்கரத்துக்கும் நடுவே நகம் அளவுதான் இடைவெளி. இடிக்கவில்லை. நான்காவது வாசலுக்கு முன்னால் இருந்த பாறையின் உச்சியில் முன் சக்கரம் இரண்டும் ஏறியபோது ஊதல் ஒலித்துவிட்டது. நேரம் முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. தட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சிரித்த பையன் மட்டும் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் ஒரு லாரியின் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். அப்பா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தார். இதுவரை அவள் முன்னால் அப்படி வைத்ததில்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்பா."

"இது சரியாகாதாம், வாண்டு. டாக்டர் சொல்லிட்டார். போகப்போக இன்னும் கூடுமாம்."

வாண்டு அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். பிடித்தால் நின்றுவிடும் என்று அவள் நினைக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டாள். அப்பா முகத்தைத் திருப்பி லாரிச் சக்கரத்தைப் பார்த்தபடி அழுதார்.

மதியம் இரண்டாவது தடம். அவளையே ஓட்டச் சொன்னார் அப்பா. வாண்டு மாட்டேன் என்றாள். ஓட்டுநர் என்று எழுதியிருப்பது அவர் பெயரைத்தான் என்றாள். மறுபடி தோளைக் கொடுத்து நின்றாள். மூன்று தரம் கவிழ்ந்தார்கள். மூன்றாவது தரம் அப்பா கூட்டத்தைப் பார்த்து, வண்டிக்கு முதுகு வலி என்று அறிவித்தார். அந்தச் சின்னப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

பதினான்கு வண்டிகளில் சோம்பேறிக்குப் பதினான்காவது இடம்.

மறுநாள் காலையில் அப்பா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து வாண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பணிமனைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், தன்னால் எழுத முடியவில்லை, அவள் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல வாண்டு எழுதினாள். கை நடுக்கம் இருப்பதால் பேருந்து ஓட்ட இயலாது என்றும், நேரக் காப்பாளர் அறை வேலைக்கு வரத் தயார் என்றும் அதில் இருந்தது. நடுக்கம் என்ற இடத்தில் அவள் பேனா நின்றது. அப்பா அந்தச் சொல்லை இன்னொரு தரம் நிதானமாகச் சொன்னார். அவள் எழுதினாள்.

கையெழுத்தை மட்டும் அப்பாவே போட்டார். அது மேலும் கீழும் அலைந்து, தாளின் ஓரத்தில் போய்த்தான் நின்றது. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். வேறு தாள் எடுக்கட்டுமா என்று வாண்டு கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கடிதத்தை இரண்டாக மடித்து உறைக்குள் போட்டுவிட்டு, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.