பூத்த தோட்டத்தில் செத்த தேனீக்கள்

காலை ஒன்பது மணி. ஐப்பசி முடியுமுன்பே பூத்துவிட்ட முதலமடை மாந்தோட்டத்தில், பெட்டிகளின் முன்னால் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன.

பெட்டிகள் ஏலப்பாறை சூசையப்பனுடையவை. வருஷா வருஷம் மாம்பூவுக்கு மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருவார். அவருக்கு வேறு பிழைப்பில்லை.

"மருந்தடிக்கதுக்கு முந்தின நாளே சொல்லிருவாக. நான் பொட்டி வாசலை அடச்சிருவேன். போன வாரங்கூடச் சொன்னாக. நேத்து யாரும் சொல்லலம்மா," என்று அழுதார்.

எஸ்.ஐ. ரஸியா தோட்டத்துச் சொந்தக்காரர் மஜீதிடம் திரும்பினார்.

"நேத்து மருந்தடிச்சீங்களா?"

"இல்லீங்க மேடம். பக்கத்துத் தோட்டத்து அஷ்ரஃப் அடிச்சிருப்பாருங்க. எனக்கும் அவருக்கும் ஆகாதுங்க."

ரஸியா வேலியோரம் போனார். அஷ்ரஃபின் மரங்களில் ஒரு பூ இல்லை.

"மார்கழிலதானுங்க மாமரம் பூக்கும். அவரு வேர்ல மருந்து ஊத்தி இப்பவே பூக்க வெக்கறாரு. எனக்கு மனசு வல்லீங்க," என்றார் வேலிக்கு அப்பால் நின்ற அஷ்ரஃப்.

திரும்பி வரும்போது ரஸியா தரையைப் பார்த்தார். மஜீதின் மரத்தடியெங்கும் ஆட்டுப் புழுக்கை. ஆடுகளோ வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தன. முன்னால் வாடிய பலாத்தழை.

"ஆட்டை எப்போ இங்கே கொண்டாந்து கட்டினீங்க?"

"நேத்து மத்தியானமுங்க."

"எதுக்கு?"

மஜீத் வாடிய தழையைக் காலால் ஒதுக்கினார்.

"பூவே இல்லாத மரத்துக்கு அஷ்ரஃப் எதுக்குப் பூச்சிமருந்து அடிக்கணும்? பூத்தது உங்க தோட்டம். சாயங்காலம் மருந்தடிக்கப் போறோம்னு தெரிஞ்சு, மருந்து விழுந்த புல்லை மேயக்கூடாதுன்னுதான் மத்தியானமே ஆட்டைப் பிடிச்சுக் கட்டியிருக்கீங்க. இல்லேன்னா உங்களுக்கு ஜோசியம் தெரிஞ்சிருக்கணும்."

மஜீத் தலைகுனிந்தார்.

"ஆட்டை அவுத்துக் கட்டறப்பவே தேனீ நெனப்பு வந்துச்சுங்க. பருவம் தப்பிப் பூத்த பூவுல பூச்சி அடங்கவே மாட்டேங்குது. மறுபடியும் மருந்துன்னு சொன்னா, அண்ணன் பொட்டியைத் தூக்கிட்டுப் போயிருவாருன்னு பயந்துட்டனுங்க. தேனீ இல்லாம காய் பிடிக்காதுங்களே."

மருந்தை ஊற்றிப் பூவை வரவழைத்துவிட்டார். காய்க்குத் தேனீயின் காலில்தான் விழவேண்டும். அது தெரிந்தே கொன்ற மனிதரை என்னவென்று சொல்வது!

ஒரே ஒரு பெட்டியில் மட்டும் உயிர் இருந்தது. சூசையப்பன் அதன் வாசலை அடைத்துத் தோளில் ஏற்றினார்.

"அண்ணே, அதையாச்சும் விட்டுட்டுப் போங்க," என்றார் மஜீத்.

"ஆட்டைக் கட்டிப் போட்டீரு. இதை எப்படிய்யா கட்டிப் போடுவீரு?"

அவர் போய்விட்டார். மஜீதுக்கு வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பார்த்த பக்கமெல்லாம் பூவாக இருந்தது.