அவன் வைக்காத கற்கள்

அந்தக் கல்லடுக்கை எல்லிஸ் வைக்கவில்லை.

காலையில் ஏறும்போது அவன் வைத்தவற்றையெல்லாம் இறங்கும் வழியில் காலால் தட்டிச் சரித்தாகிவிட்டது. நெவாடாவின் பாதையில்லாத மலைகளில் ஏறுகிறவர்களின் வழக்கம் அது. ஏறும்போது எந்த முகட்டைப் பிடித்தாலும் உச்சிக்குப் போய்விடலாம். இறங்கும்போதோ அதே முகடுகள் கைவிரல்களைப் போலப் பிரிந்து போகும். எது வந்த வழி என்று தெரியாது. அதனால் பிரிவுகளில் மூன்று கல்லை அடுக்கிவிட்டுப் போவார்கள், திரும்பும்போது கலைத்துவிடுவார்கள்.

முகடு இடதுபுறம் வளையும் இடத்தில், வலப்பக்கமாக இறங்கும் வறண்ட ஓடையின் தலைப்பில் அது நின்றது. அடியில் ஒரு தட்டைக் கல், அதன் மேல் ஒரு உருண்டைக் கல், உச்சியில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கல், லேசாகச் சாய்த்து. எல்லிஸ் அப்படித்தான் வைப்பான். அந்த மலையின் கற்கள் வெயில் பட்டுப் பட்டு மேல்பக்கம் கறுத்து, மண்ணில் புதைந்த அடிப்பக்கம் மட்டும் துரு நிறத்தில் இருக்கும். இந்த அடுக்கில் அடியிலிருந்த இரண்டு கல்லும் துருப்பக்கத்தை மேலே காட்டிக்கொண்டிருந்தன. அவன் குனிந்தபோது, தட்டைக் கல் பெயர்ந்த குழியிலிருந்து ஈரமண் வாசனை வந்தது. அங்கே மழை பெய்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

பின்னால் லைல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். எல்லிஸின் மனைவி ரமோனாவுக்கு ஒரே தம்பி. இப்படிப்பட்ட மலைக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. "கூட்டிட்டுப் போறதும் நீதான், கூட்டிட்டு வர்றதும் நீதான்," என்று ரமோனா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"என்ன மச்சான், கல்லுகிட்ட வழி கேக்குறியா?" என்றான் லைல். "வாரக்கணக்கா அந்தச் செயற்கைக்கோள் படத்தையே மொறச்சுக்கிட்டு இருந்த. வீட்ல பல்பு மாட்ட ஆளில்லன்னு அக்கா பொலம்பித் தீத்துட்டா."

"சும்மா வா மாப்ள."

"இது நீ வச்சதா? போன மாசம் தனியா வந்து இறங்குற வழியப் பாத்தியே, அப்பவா?"

போன மாதம் எல்லிஸ் வந்தது உண்மை. ஆனால் காற்று பலமாக வீசியதால் அடிவாரத்திலேயே வண்டிக்குள் படுத்துத் தூங்கிவிட்டுத் திரும்பியிருந்தான். வீட்டில் வேறு மாதிரி சொன்னான். இப்போது உண்மையைச் சொன்னால் கிறிஸ்துமஸ் விருந்து வரைக்கும் லைல் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தவிர, கல்லடுக்கு இருந்தால் யாரோ ஒருவன் அந்த வழியாகப் போய் வந்திருக்கிறான் என்று அர்த்தம். மலையேறிகள் படத்தைச் சந்தேகிப்பார்கள், கல்லடுக்கைச் சந்தேகிப்பதில்லை. வெயில் சரிந்துகொண்டிருந்தது. ஓடை வழி குறுக்கு வழி.

"நான்தான் வச்சேன்," என்றான்.

ஓடைக்குள் இறங்க இறங்க, முகட்டில் காதை அறுத்துக்கொண்டிருந்த காற்று மெதுவாக அடங்கி, சேஜ் புதர்களின் கசப்பு வாசனையும் பின்தங்கிப்போய், சரளை மிதிபடும் சத்தம் மட்டும் இரண்டு பக்கச் சுண்ணாம்புச் சுவர்களிலும் பட்டு, தங்களோடு இன்னும் யாரோ சேர்ந்து நடப்பதைப் போலத் திரும்பி வந்தது. ஒரு வளைவில் இரண்டாவது அடுக்கு. அதைத் தாண்டி இன்னொன்று. எல்லாம் எல்லிஸின் கைப்பழக்கம். ஒவ்வொன்றையும் லைல் குஷியாக எட்டி உதைத்துக்கொண்டே போனான்.

காய்ந்த அருவி ஒன்று குறுக்கிட்டது. இரண்டு ஆளுக்கு மேல் உயரம். வெள்ளம் தேய்த்துத் தேய்த்துப் பாறை வெண்ணெய் தடவியது போல வழவழத்தது. படத்தில் இது வெறும் ஒரு கீற்றாகத்தான் தெரிந்திருக்கும். திரும்ப ஏற முடியாத இடத்தில் இறங்காதே என்பதுதான் இந்த மலைகளில் முதல் பாடம். எல்லிஸ் தயங்கினான். அருவியின் காலடியில் ஒரு அடுக்கு நின்றது.

"நீ ஏறி எறங்கின எடந்தானே, அப்பறம் என்ன?" லைல் உட்கார்ந்து சறுக்கிவிட்டான்.

எல்லிஸ் வாயைத் திறப்பதற்குள் அவன் கீழே நின்று கால்சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. எல்லிஸும் சறுக்கினான்.

அதற்குப் பிறகு சுவர்கள் நெருங்கின. பறவை இல்லை, பூச்சி இல்லை. வானம் மேலே ஒரு கிழிசலாகச் சிறுத்தது. ஒரு வளைவு திரும்பி இருபதடி நடப்பதற்குள் தரை முடிந்துவிட்டது.

அடுத்த அருவி. கீழே பார்த்தால் நிழல்தான் தெரிந்தது. எல்லிஸ் ஒரு கல்லைப் போட்டான். அது விழுந்த சத்தம் வர நேரமாயிற்று.

விளிம்பில் ஒரு கல்லடுக்கு. உச்சிக் கல் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

இருவரும் முதல் அருவிக்குத் திரும்பி ஓடினார்கள். லைல் எல்லிஸின் தோளில் ஏறி நின்று பார்த்தான். கை வழுக்கியது. மறுபடி. நகம் பிய்ந்தது. போனில் சிக்னல் இல்லை. மறுபடி விளிம்புக்கு வந்து நின்றபோது லைலின் உதடு வெளுத்திருந்தது.

"எப்படித்தான் மச்சான் ஏறின போன தடவ?"

"ஏறல."

"என்னது?"

"நான் மலைமேலயே வரல மாப்ள. வண்டியில தூங்கிட்டேன். இந்தக் கல்லு எதையும் நான் வைக்கல."

லைல் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"அப்ப யாரு?"

டொக்.

வளைவுக்குப் பின்னாலிருந்து. கல்மேல் கல் உட்காரும் சத்தம்.

டொக்.

கொஞ்சம் பொறுத்து, மெல்லிதாக, மூன்றாவது.

"இங்கயே நில்லு," என்றான் எல்லிஸ். வளைவு வரை போனான். மணலில் அவர்களுடைய காலடிகள் போயும் வந்தும் கிடந்தன. வேறு எந்தத் தடமும் இல்லை. லைலின் காலடி ஒன்றின் நடுவே புதிய அடுக்கு நின்றது.

அவன் திரும்பினான்.

விளிம்பில் யாரும் இல்லை.

அலறல் கேட்கவில்லை. விழுந்த சத்தமும் இல்லை.

"லைல்!"

சுவர்கள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லின. பிறகு அமைதி. பிறகு கீழேயிருந்து, நிதானமாக, லைலின் குரல்.

"மச்சான். வழி இருக்கு. வா."

எல்லிஸ் குப்புறப் படுத்து விளிம்புவரை ஊர்ந்தான். பாறை சில்லிட்டது. இருட்டுக்குக் கண் பழகச் சற்று நேரமாயிற்று.

கீழே சரளைத் தரையில் லைல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பை முதுகிலேயே இருந்தது. ஒரு கால் முழங்காலிலிருந்து எதிர்ப்பக்கமாக மடங்கியிருந்தது. வாய் மூடியிருந்தது.

அவனுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். வரிசையாக. சாயம் போன சட்டைகள், வார் அறுந்த பைகள், உப்புக்கண்டம் போலச் சுருங்கி எலும்பில் ஒட்டிய தோல். எல்லா முகங்களும் விளிம்பைப் பார்த்து அண்ணாந்திருந்தன.

"வா மச்சான்."

லைலின் குரல்தான். வாய் அசைந்தது வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த நீலத் தொப்பிக்காரிக்கு. அந்த வாயில் உதடு இல்லை.

சரளை நெரிந்தது. லைலுக்கு வலப்பக்கம் இருந்தவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். அடுத்தடுத்து எல்லோரும், முகத்தை மேலிருந்து எடுக்காமலே, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.